முப்பதாம் நம்பர் ஆயில்

ஹென்றியின் டாக்சி சந்துக்குள் நுழைகிற சத்தம் கேட்டதும் ஆலிஸ் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். கல்லில் கிடந்த தோசை கருகியது. கருகட்டும், இப்போது அதுவா முக்கியம்? வருஷக்கணக்காகக் கேட்டுப் பழகிய சத்தம் அது. வயிறார சாப்பிட்ட மனுஷன் மாதிரி 'கும்'மென்று நிதானமாக வரும். இன்றைக்கு அதற்கு மேலே இன்னொரு சத்தம் ஏறியிருந்தது. டிக்கு டிக்கு டிக்கு என்று, தட்டான் கடையில் சின்னச் சுத்தியால் தட்டுவது போல.

ஹென்றி வண்டியை நிறுத்திவிட்டு வந்து கால் கழுவினான்.

"இன்னாமே, தோச தீயுது?"

"தீயட்டும். வண்டிக்கு இன்னா ஆயிலு ஊத்திக்கிற?"

சொம்பு பிடித்த கை ஒரு கணம் நின்றது. வேறு எவளாவது இருந்தால் கவனித்திருக்க மாட்டாள். ஆலிஸ் கவனித்தாள்.

"எப்பவும் ஊத்தறதுதான். ஐம்பதாம் நம்பரு."

"ஐம்பதுன்னா இன்னாத்துக்கு டேப்பட் டிக்கு டிக்குன்னு அடிக்குது?"

"ம்... பங்க்ல ஐம்பது ஸ்டாக் இல்ல. இருந்தத ஊத்தினேன். வுடேன்மே, பசிக்குது."

விடுவதாவது! ஆலிஸாவது!

ஆலிஸ் ஒன்றும் மெக்கானிக் இல்லை. ஆனால் ஹென்றியோடு குடித்தனம் செய்கிற பெண்ணுக்கு ஆயிலைப் பற்றித் தெரியாமல் இருக்க வழியே கிடையாது. சில ஆம்பிளைகளுக்குக் குதிரைப் பந்தயம், சிலருக்குச் சீட்டு, ஹென்றிக்கு ஆயில். குழம்பு தண்ணியாக இருந்தால் வாயைத் திறக்காமல் பிசைந்து தின்றுவிட்டுப் போவான். ஆயில் தண்ணியாக இருந்தால் அன்றைக்கு அவனுக்குத் தூக்கம் கிடையாது, பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கும் கிடையாது.

"மெட்ராஸ் வெய்யிலுக்கு ஐம்பதாம் நம்பர்தாமே," என்று ஆரம்பிப்பான். "வெய்யில வுடு, நம்ம ஓட்டத்தப் பாரு. ஹார்பர் கேட்டாண்ட இன்ஜின ஓட வுட்டுகினு நிக்கிறேன். அப்பால லாரி பின்னாடி, மாட்டு வண்டி பின்னாடி ஃபஸ்ட் கியர்லயே ஊர்றேன். கொருக்குப்பேட்டைல ரயில் கேட்டு போட்டான்னா இன்ஜினு அடுப்பு மாதிரி கொதிக்குது. இதுல போய் முப்பத ஊத்துனா ரசமாயிடும். ரசத்துல பேரிங்கு நிக்குமா? நம்ம வண்டியும் கெழடு, தடி ஆயில்தான் அதுக்குத் தெம்பு. மவுண்ட் ரோட்ல சர்ருனு போறான் பாரு புது வண்டிக்காரன், அவன் ஊத்தட்டும் முப்பது. ஓட்றவன் காலப் பாக்கணும், ஊரு வெய்யிலப் பாக்கணும், அதுக்கப்பறம்தான் டின்னுல கை வெக்கணும்."

இந்தப் பிரசங்கத்தை ஆலிஸ் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஐம்பதாம் நம்பர் கிடைக்காத அன்றைக்கு அவன் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் ஒவ்வொரு பங்க்காக ஏறி இறங்கிய கதையும் அவளுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட ஹென்றி 'ஸ்டாக் இல்ல, இருந்தத ஊத்தினேன்' என்கிறான். பங்குச் சாமியார் பெரிய வெள்ளிக்கிழமையில் பிரியாணி தின்றார் என்று சொன்னாலாவது நம்பலாம்.

சரி, எங்கே போய்விட்டு வந்தானாம்? வேளாங்கண்ணி சவாரியாம். மணலியில் ரிஃபைனரி வந்த பிறகு வெளியூர்க்காரர்கள் நிறைய வந்துவிட்டார்கள், அவர்களுக்கு மாதாவிடம் நேர்ச்சை நிறைய இருக்கிறது என்று அவன் சொன்னபோது ஆலிஸ் நம்பத்தான் நம்பினாள். மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து மாதம் ஒரு தடவை போய் வந்துகொண்டிருந்தான். வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பாட்டில் மந்திரித்த எண்ணெயும் கொண்டுவந்தான். இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த எண்ணெயை நம்ம ராயபுரம் கோயில் வாசலிலேயே வாங்கலாமே என்று தோன்றியது. ஒரு இடத்தில் பொய் என்று தெரிந்துவிட்டால் போதும், அப்புறம் பழைய நிஜங்களெல்லாம் வரிசையாக வந்து நின்று தங்களையும் சந்தேகப்படச் சொல்லும்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஒரே பெண் ஃப்ளோரா. பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் ஃபிட்டராக இருந்த தாமோதரன் என்ற இந்துப் பையனோடு முந்தின வருஷம் போய்விட்டாள். அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டாள் என்று சேதி வந்த அன்று ஆலிஸ் அந்தோணியார் படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். "அவ செத்துட்டா. இந்த வூட்ல எவன் அவ பேர எடுத்தாலும் சரி, அவளப் போய்ப் பாத்தாலும் சரி, நான் கடல்ல வுழுந்துடுவேன்." சொன்னால் செய்கிறவள் என்று ஊருக்கே தெரியும். ஹென்றி மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்கப்புறம் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று ஆலிஸ் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. பெற்ற பெண் போய்விட்டாள். கட்டினவனும் போய்விட்டால் ஆலிஸுக்கு இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? அந்த டிக்கு டிக்கு சத்தத்தை அவளால் சும்மா விட முடியாதது அதனால்தான்.

மறுநாள் ஹென்றி குளிக்கப் போன நேரத்தில் அவள் வண்டியைச் சோதனை போட்டாள். சீட்டுக்கு அடியில் ஒரு மப்ளர் கிடந்தது. ராயபுரத்தில் மார்கழி மாதத்திலும் விசிறியோடு படுக்கிற மனுஷனுக்கு மப்ளர்! மோந்து பார்த்தாள். நீலகிரித் தைல வாசனை. டேஷ்போர்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு கம்பளி நூல் உருண்டை, ரோஸ் கலரில்.

ஆலிஸ் அந்த நூல் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். ரோஸ் கலர். வயசுக்காரிதான், சந்தேகமே இல்லை. கிழவி எவளும் ரோஸ் கலரில் ஸ்வெட்டர் பின்ன மாட்டாள். இருந்தது இருந்தபடி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பக்கத்துப் போர்ஷன் வியாகுலம்மாளிடம் அவள் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் குழாயடியில் குடம் நிரம்புகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் அந்த ஸ்டோர் வீடுகளில் யாரும் கிடையாது. வியாகுலம்மாள் காசிமேட்டுக் கருவாடு விற்கிறவள். ஊர்ச் சங்கதியையும் அதே கூடையில் போட்டுக்கொண்டு வருவாள்.

"மப்ளரா?" என்றாள் அவள், குடத்தைக்கூட மறந்துவிட்டு. "ஆலிசு, நான் சொன்னா கோச்சுக்காத. எவளோ ஒருத்தி, ஐயோ குளுருதேன்னு அவன் கழுத்துல போத்தி வுட்டுக்கிறா. ஊமை ஊரக் கெடுக்கும்பாங்க. உன் வூட்டுக்காரு பேசவே மாட்டாரு பாரு, அவுங்கதான் ஆழம்."

"போடி, உனக்கு வேற வேல இல்ல," என்று ஆலிஸ் சீறினாள். சீறினாளே தவிர, அன்று முழுக்க அந்தப் பேச்சு அவளை விடவில்லை.

குளிர் என்றால் எந்தக் குளிர்? அதைத் தெரிந்துகொள்ள அவள் உசேனிடம் போனாள். பாலத்துக்குப் பக்கத்தில் உசேனுக்கு ஒரு ஷெட் இருந்தது. ஹென்றியின் வண்டிக்கு ஆதியிலிருந்து அவன்தான் டாக்டர். வெளியூர் சவாரிக்கு முந்தி வண்டியை அங்கே விட்டுவிட்டு வந்து சாப்பிட்டுத் தூங்குவான் ஹென்றி. உசேன் ஆயில் மாற்றி கிரீஸ் அடித்து வைப்பான். ஆலிஸ் தன் தங்கை புருஷன் ஒரு பழைய கார் வாங்கப் போவதாக ஒரு கதையைக் கட்டிக்கொண்டு போனாள்.

"முப்பது ஊத்தச் சொல்றாங்களாம் உசேனு. ஊத்தலாமா?"

"யாரு சொன்னது? பேஜாராயிடும் அக்கா," என்றான் உசேன், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "முப்பது குளுருக்கு. மலை மேல போறவன்தான் முப்பது போடுவான். ஐம்பதப் போட்டுகினு அங்க போனா காலைல செல்ஃபு தூக்காது, வண்டி கெளம்பாது. ஆயிலு வெல்லப் பாகு மாதிரி கெட்டியாயிடும், இன்ஜினு சுத்தாது. ஊட்டி, கொடைக்கானல்லாம் போறதுன்னா எறக்கிட்டு முப்பது ஊத்திகினு போயி, திரும்பி வந்து ஐம்பதுக்கு மாத்திக்கணும். கீழ வந்தும் அத்தயே வெச்சிருந்தா டேப்பட் அடிக்கும்."

"அப்ப உங்க அண்ணன் எதுக்கு முப்பது ஊத்திக்கிறாரு?"

உசேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸ்பேனரை இன்னும் கொஞ்ச நேரம் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அத்த நீங்க அண்ணங்கிட்டயே கேளுங்க அக்கா," என்று சொல்லிவிட்டு ஒரு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டான்.

இவனும் கூட்டு! அந்த லாரியை ஒரு உதை விடலாமா என்றிருந்தது ஆலிஸுக்கு. ஆம்பிளைகள் எல்லோரும் ஒரே ஜாதி, மதம் வேறாக இருந்தால் என்ன, இதில் மட்டும் ஒற்றுமை. வெய்யிலில் திரும்பி நடக்கும்போது எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்தது. மலை. குளிர். ரோஸ் கலர் நூல். ஐம்பதாம் நம்பரை மாதா படத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிடுகிறவன் அதையே இறக்கிவிட்டு முப்பது ஊற்றிக்கொண்டு போகிறான் என்றால், அந்த ரோஸ் கலர்க்காரி எவ்வளவு கெட்டிக்காரியாக இருக்க வேண்டும்! ஆலிஸுக்கு அழுகை வந்தது. நடுரோட்டில் அழக் கூடாது என்று முந்தானையால் வேர்வையைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டாள்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வான்? கப்சா விடுவான். 'வேளாங்கண்ணில கடக்காத்து, அதான் மப்ளர்' என்பான். ஆலிஸுக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்காக மலை ஏறிப் போக முடியுமா? எந்த மலை என்றே தெரியாது. மலையே அவனைப் பிடித்துக் கொடுக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது பொங்கலுக்கு மறுநாள், கரும்புச் சக்கையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது. தோன்றியதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு சுலபம்! அவன் போகிற அன்றைக்கு முப்பதுக்குப் பதில் ஐம்பது இருந்தால் போதும். போகும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் அந்தக் குளிரில் வண்டி கிளம்பாது. அங்கேயே கிடப்பான். தாமதமாகத் திரும்பி வந்து காரணம் சொல்லித்தானே ஆகவேண்டும்? வண்டி விறைத்துப் போச்சு என்பான். வேளாங்கண்ணிக் கடற்கரையில் எந்த வண்டி ஐயா விறைக்கும் என்று அப்போது கேட்டுக்கொள்ளலாம். அவன் கற்றுக்கொடுத்த பாடம்தானே எல்லாம். அவனுக்கே திருப்பிச் சொன்னால் போயிற்று.

அந்த வாரமே வியாழக்கிழமை ஹென்றி சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். டாக்சி ஸ்டாண்டுக்குப் போன் வந்ததாம். முகம் வெளிறியிருந்தது.

"நாளைக்கு வேளாங்கண்ணி சவாரி. அவசரம். வர்றதுக்கு ரெண்டு மூணு நாளாவும்."

மாதாவைப் பார்க்கப் போகிறவனுக்கு என்ன அவசரம்? சோறு இறங்கவில்லை அவனுக்கு. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். ஆலிஸ் எதிரில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு பொம்பளைக்காக இந்த வயசில் இப்படி உருகுகிறானே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் வண்டியை உசேன் ஷெட்டில் விட்டுவிட்டு வந்து படுத்தான். ஆலிஸ் மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாலத்தைப் பார்த்து நடந்தாள். உசேன் பழைய ஆயிலை அப்போதுதான் இறக்கி முடித்திருந்தான். முப்பதாம் நம்பர் டின் பக்கத்தில் தயாராக இருந்தது.

"உசேனு, முப்பது வேணாமாம். ஐம்பதே ஊத்தச் சொன்னாரு."

"காலைல முப்பதுன்னுதான அண்ணன் சொன்னாரு?"

"சவாரி மாறிப் போச்சுப்பா. இப்ப நெல்லூருக்காம். நெல்லூரு வெய்யிலுக்கு முப்பதா ஊத்துவாங்க?"

உசேன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு அவன் முகம் தெளிந்தது. மலைக்கு இல்லை என்றதும் அவனுக்கும் பாரம் இறங்கியது போல. அண்ணன் சொல்லியனுப்பினால் சொல்லியனுப்பினதுதான். முப்பதை ஓரமாக வைத்துவிட்டு ஐம்பதை எடுத்தான். தேன் மாதிரி இழை அறாமல் அது இறங்குவதை ஆலிஸ் கிட்ட நின்று பார்த்தாள். மலைப்பாதை, வளைவு என்றெல்லாம் மனசில் ஏதோ ஓடியது. சீச்சீ, பிரேக்கிலா கை வைத்தேன்? ஆயில் தடியாக இருந்தால் வண்டி உருண்டா போய்விடும்? கிளம்பாது, அவ்வளவுதானே. அப்படித் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சொன்னபடி மீனும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

ஹென்றி வண்டியை எடுக்கப் போனபோது உசேன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. ஆயில் ஊற்றியாச்சா என்று அளவு பார்க்கிற குச்சியை இழுத்து ஒரு பார்வை பார்த்திருப்பான். அளவு சரியாக இருந்திருக்கும். புது ஆயில் முப்பதானால் என்ன, ஐம்பதானால் என்ன, நிறம் ஒன்றுதானே. மற்ற நாளாக இருந்தால் விரலில் தேய்த்துப் பார்க்காமல் பானெட்டை மூடுகிறவனா அவன்? அன்றைக்கு அவன் மனசு வேறு எங்கோ இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "வர்றேன்மே," என்று சொல்லிவிட்டுப் போனான். என்ஜின் 'கும்'மென்று பழைய குரலில் போனது.

சனிக்கிழமை ஆலிஸுக்கு வேலை ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலைப் பூசைக்குப் போனாள். கோயிலுக்குள் கொசுவும் புழுக்கமுமாக இருந்தது. சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, இவள் கண்ணுக்கு முன்னால் வேறொரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பனியில் வண்டி நிற்கிறது. ஹென்றி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றுகிறான். சுற்ற முடியவில்லை. ரோஸ் கலர் ஸ்வெட்டர்க்காரி வாசலில் நின்று கையைப் பிசைகிறாள். சுத்துடா ராசா, நல்லா சுத்து! ஆலிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் முழங்காலில் இருந்த வியாகுலம்மாள் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் வண்டிச் சத்தம் கேட்டது. வியாகுலம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நேரே வந்து அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். அவள் வீட்டில் அன்றைக்குச் சோறு ஆக்கி முடித்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

ஹென்றி உள்ளே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. வலது கையில் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஆலிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக வாய்க்குள் உருட்டி வைத்திருந்த பேச்சு அவளுக்கு.

"வாய்யா. இன்னா, மாதா வண்டிய ஸ்டார்ட் பண்ண வுடலியா?"

அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "கதவ சாத்துமே," என்றான். அவள் சாத்தவில்லை. அவனே சாத்தினான். அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஃப்ளோராவுக்குப் புள்ள பொறந்துச்சு ஆலிசு."

அந்தப் பேரை அந்த வீட்டில் சொல்லக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! ஆலிஸுக்கு முதலில் கோபம்தான் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்.

"ஆம்பளப் புள்ள. செத்துப் பொறந்துச்சு."

அவன் சொல்லச் சொல்ல ஆலிஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். தாமோதரனுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை. மழைக்காலம் ஆரம்பிக்கிறபோது ஃப்ளோராவிடமிருந்து ஸ்டாண்டுக்குப் போன் வந்தது, முழுகாமல் இருக்கிறேன், பார்க்க வா என்று. ஹென்றியால் போகாமல் இருக்க முடியவில்லை. முதல் தடவை போனபோது காலையில் வண்டி கிளம்பாமல் பாதி நாள் கிடந்தானாம். அதிலிருந்துதான் முப்பது ஊற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறான். திரும்பியதும் ஐம்பதுக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான், போன தடவை மட்டும் மாற்றாமல் வந்துவிட்டான். ஃப்ளோரா கேட்டாள் என்று கம்பளி நூல் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இந்தத் தடவை வலி எடுக்கும்போல இருக்கிறது என்று தாமோதரன் போன் பண்ணியிருக்கிறான்.

"ஆஸ்பத்திரி எட்டு மைலு. அங்க வேற வண்டி கெடையாது. அதான் நானு ஓடினேன்," என்றான் ஹென்றி. "ஞாயித்துக்கெழம விடிய சொல்ல வலி கண்டுச்சு. குளுருன்னா குளுரு, புல்லு மேல உப்பு கொட்னாப்போல கீது. செல்ஃப போட்டேன். ரெண்டு தபா முனகிச்சு, பேட்டரி படுத்துக்கிச்சு. ஹேண்டில போட்டு சுத்தறேன், அசையல. குச்சிய இஸ்துப் பாத்தேன். ஐம்பது, ஆலிசு. பாகு மாதிரி தொங்குது, சொட்ட மாட்டேன்னுது. ஃப்ளோரா பின்னாடி சீட்ல படுத்துகினு 'நைனா, நைனா'ன்னு கத்தறா."

அவன் உரிந்த கை முட்டியைத் தடவிக்கொண்டான்.

"வண்டி நின்னது பள்ளத்துல. ஆளுங்கள எழுப்பி, மேட்டுல தள்ளி ரோட்டுக்கு ஏத்தி, எறக்கத்துல உருட்டி கெளப்பறதுக்குள்ள வெய்யிலு வந்துடுச்சு. கொஞ்சம் முன்னாடி கொணாந்திருந்தா புள்ள பொழச்சிருக்கும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. ஃப்ளோரா உசுரோட கீறா. ரத்தம் நெறைய போயிடுச்சு, ஆனா கீறா."

பேரப்பிள்ளை என்ற ஒன்று இருந்ததே ஆலிஸுக்கு இப்போதுதான் தெரியும். தெரியும்போதே அது இல்லை.

"வூட்டுக்குக்கூட வரல, நேரா உசேன் ஷெட்டுக்குப் போனேன். ஏண்டா ஐம்பது ஊத்துனேன்னு கேட்டா, 'அக்காதாண்ணே வந்து ஊத்தச் சொன்னாங்க'ன்றான். எங்கிட்டயே சொல்றான் ஆலிசு! செவுள்ல வுட்டேன். வாயில ரத்தம் வந்துடுச்சு. 'தப்பு பண்ணிட்டு எம் பொண்டாட்டி மேல பழி போடுறியாடா? அவ கோவக்காரிதான், ஆனா இந்த மாதிரி காரியம் செய்றவ கெடையாது'ன்னு இன்னொண்ணு வுட்டேன். அவன் திருப்பி அடிக்கல. அழுதுகினு நின்னான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆலிஸ் இவனுடைய மப்ளரை மோந்து பார்த்தாள், டப்பாவைத் துழாவினாள், தட்டில் அவன் போட்ட கோலத்தைக்கூடச் சந்தேகப்பட்டாள். அவனோ அவளுக்காக, கூடப் பிறக்காத தம்பியான உசேனை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஃப்ளோரா உன்னத்தான் கேக்கறா," என்றான் ஹென்றி. "'அம்மாவ இட்டுகினு வா'ன்னு அதையே சொல்லிகினு கீறா. நீ சத்தியம் பண்ணிக்கிற, எனக்குத் தெரியும். உங்கிட்ட மறைச்சிட்டு நான் போனது தப்பு. நானு வோணும்னா உன் கால்ல வுழறேன். ஒரே ஒரு தபா வா."

நிஜமாகவே அவன் குனிந்தான். உரிந்த கை அவள் பாதத்தைத் தொட வந்தபோது ஆலிஸ் பதறிப்போய்த் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம். அவன் அவளைத்தான் நம்புகிறான், உசேனை நம்பவில்லை. மலைக்குப் போய் மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, சாகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"உசேன் பொய் சொல்லலய்யா," என்றாள்.

ஹென்றிக்குப் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"நான்தான் ஊத்தச் சொன்னேன். எவளோ ஒருத்தி அங்க கீறான்னு நெனச்சுட்டேன். வண்டி கெளம்பாம நீ அங்கயே மாட்டணும்னு ஊத்தச் சொன்னேன்."

அவன் அடிப்பான் என்று ஆலிஸ் நினைத்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். ஹென்றி தன் கையை அவள் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான். கூட்ஸ் வண்டி ஒன்று யார்டுக்குள் போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகு சுவரைப் பிடித்து எழுந்து சாவியை எடுத்தான்.

"துணிய எடுத்து வெய்யி. உசேனாண்ட போய்ட்டு, அவன் வுட்டான்னா ஆயில மாத்திகினு வர்றேன்." வாசல் வரை போய் நின்றான், திரும்பாமலே சொன்னான். "எப்படி ஆச்சுன்னு ஃப்ளோரா எங்கிட்ட கேட்டா நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். வண்டி கிளம்பிப் போனது. ஆலிஸ் எழுந்து கொடியில் கிடந்த இரண்டு புடவைகளை எடுத்தாள். எதை எடுக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

திறந்து கிடந்த கதவு வழியாக முறத்தோடு எட்டிப் பார்த்தாள் வியாகுலம்மாள். கண்ணில் அப்படி ஒரு ஆவல்.

"இன்னாடி ஆலிசு, மூஞ்சியே சரியில்லாம போறாரு? ஒத்துக்கினாரா? எவளாம் அவ?"

ஆலிஸ் புடவைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"எம் பொண்ணு," என்றாள்.